பெட்டி அவனிடம், உருளைகள் என்னிடம்

டிசம்பர் 2

இன்று சிக்கந்தர் எங்கள் பழைய சாமான் கடையை விட்டுப் போய்விட்டான். முப்பது வருடத்துக்குப் பக்கமாக நடந்த கூட்டு முடிந்தது. சரக்கை இரண்டாகப் பிரித்தோம். அவன் தன் பங்கை வேனில் ஏற்றிக்கொண்டு குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு, மகள் வீட்டுக்கு இறங்கிவிட்டான்.

காரணத்தை எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது, நான் உட்பட.

ஐப்பசியில் ஹேஸல்டீன் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது ஒரு பாட்டுப்பெட்டி வாங்கினோம். ரோஸ்வுட், மூடியில் சிப்பி பதித்த பூ வேலை. முறுக்கிவிட்டால் தானே பாடும் சாதி. உள்ளே ஒரு பித்தளை உருளை சுற்ற வேண்டும். அதில் நட்டிருக்கும் மயிர் போன்ற ஊசிகள் எஃகுச் சீப்பு ஒன்றின் பற்களைச் சுண்டிவிட வேண்டும். அதுதான் பாட்டு. இந்தப் பெட்டியில் சீப்பு இருந்தது, ஸ்பிரிங் இருந்தது, உருளை இல்லை. வயிறு காலி. இந்த ஊமைப் பெட்டிக்கு சிக்கந்தர் 'ஜெனீவா' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டான். கோயமுத்தூர் பார்ட்டி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் சீட்டைக் கிழித்தேன்.

"எதை வெச்சுடா ஜெனீவான்னு எழுதுன?"

"பாத்தாலே தெரியலியாண்ணே? ஜெனீவாதான்."

"பேர் எங்க? முத்திரை எங்க? அந்த நாட்டுல மலைமேல ஊருக்கு ஊர் ஃபேக்டரி. அதுல ஏதோ ஒண்ணு. தெரியாததைத் தெரியாதுன்னு எழுது."

நான் சொன்னதில் தப்பில்லை. பல்லடத்திலிருந்து வந்து இந்த மலையில் பழைய இரும்பு, பாட்டில், பேப்பர் என்று கூவிக்கொண்டு திரிந்தவன் நான். பாட்டில் லேபிளைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் எழுத்தே படித்தேன். ஒரு சாமான் எங்கே செய்தது என்று மாசிலாமணி சொன்னால் அது சரியாக இருக்கும் என்ற பேச்சு ஒன்றுதான் என் முதல். அதை ஒரு சீட்டில் கெடுத்துக்கொள்ள முடியாது. பெட்டியை நான் துருவித் துருவிப் பார்த்தவன். சீப்பு ஓரமெல்லாம் மெழுகு மாதிரி வெள்ளை அழுக்கு, அவ்வளவுதான். ஒரு எழுத்தும் இல்லை.

ஒரு வாரம் கழித்து சிக்கந்தர், டீ குடித்துக்கொண்டே, "கணக்கைப் பிரிச்சிரலாம்ணே" என்றான்.

கூறு வைத்தது நான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. மூத்தவன் கூறு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். அப்போதுதான் வைக்கிறவன் கை நியாயமாக இருக்கும். பீங்கானுக்கு ஈடாகப் பித்தளை, கடிகாரத்துக்கு ஈடாக விளக்கு என்று நேற்று முழுக்கத் தட்டிப் பார்த்து வைத்தேன். ஊமைப் பெட்டி இடது கூறு. அதற்கு ஈடாக வலது கூறில் ஒரு டெலஸ்கோப்பும், சூசை பேக்கரியை மூடினபோது வாங்கிப்போட்ட பிஸ்கட் கட்டை நாலும்.

சிக்கந்தர் வந்தான். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த இடது கூறைக் கை காட்டினான்.

"பாத்து எடுடா."

"பாக்க என்ன இருக்குண்ணே? நீங்க வெச்சதுதானே."

குத்திக்காட்டுகிறான் என்று புரிந்தது. சாமான் ஏற்றும்போது நாலு தரம் உட்கார்ந்துவிட்டான். முன்பெல்லாம் அலமாரியைத் தனியாகப் புரட்டுகிறவன். மனசு விட்டுப்போனால் கை வேலை செய்யாது.

டிசம்பர் 4

எதிர்க்கடை ரெஜினா வழக்கம்போல இரண்டு டீ கொண்டுவந்தாள். இரண்டையும் குடித்தேன். வீணாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

டிசம்பர் 8

மழை. காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒரு ஜோடி மட்டும் மழைக்கு ஒதுங்கி நின்று, கிராமஃபோனோடு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

கை சும்மா இருக்கவில்லை. பிஸ்கட் கட்டைகளை எடுத்தேன். எங்கள் கைக்கு வந்தபோதே மாவு இறுகிக் கறுத்து, தார் பூசின மாதிரி இருந்தவை. முழங்கை நீளம், கை மொத்தம். மேலெல்லாம் முள். மாவைத் தட்டிப்போட்டு இதை உருட்டினால் பிஸ்கட்டில் ஓட்டை விழும். பித்தளை எடைக்காகத்தான் வாங்கினோம். இன்று வெந்நீரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். கறுப்பு பாளம் பாளமாக வந்தது. அடியில் பொன் நிறம். அதில் மெல்லிய ஊசிகள், ஆயிரக்கணக்கில்.

ஊசிகள் சீராக இல்லை. பிஸ்கட்டுக்கு என்றால் சீராக அல்லவா வைத்திருக்க வேண்டும். இது ஒரு இடத்தில் கூட்டமாக, ஒரு இடத்தில் வெறுமையாக, திரும்பவும் கூட்டமாக. நகத்தை வைத்து உருளையைத் திருப்பினேன். நகத்தில் டிக், டிடிக், டிக் என்று ஏதோ தாளம் வந்தது.

இதுவரை எங்கள் கையில் வந்த பாட்டுப்பெட்டியெல்லாம் சாண் அகலம், அதன் உருளை விரல் மொத்தம். இவ்வளவு பெரியது இருக்கும் என்று தோன்றவே இல்லை. சந்தோஷத்தில் தலையைத் திருப்பாமலே, "டேய், இங்க வந்து பாருடா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

பின்னால் ரெஜினா டீயோடு நின்றாள்.

"யாரண்ணா டேய் போடறீங்க?"

"உன்னை இல்ல."

"அது தெரியும். அவரு மேட்டுப்பாளையத்துல இருக்காரு. இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்புடுங்க." டீயை வைத்துவிட்டு எட்டிப்பார்த்தாள். "அய்யோ, சூசைத் தாத்தா பிஸ்கட் கட்டை! இதுல செஞ்ச பிஸ்கட் தின்னுதான்ணா வளந்தோம். ஒண்ணுல ஏழெட்டு ஓட்டை இருக்கும், ஒண்ணுல ஒண்ணுமே இருக்காது. ஓட்டை இல்லாதது யாருக்குன்னு எங்க வீட்ல அடிதடியே நடக்கும்."

"அந்தாளுக்கு இது எங்க கெடச்சுது?"

"பேக்கரி வெக்கறதுக்கு முன்னாடி அவரு ஹேஸல்டீன் தொரை வீட்ல குக்குல்ல? தொரை சீமைக்குப் போறப்ப, கிச்சன்ல கெடக்கறதெல்லாம் எடுத்துக்கன்னு சொல்லிட்டுப் போனாராம். எங்கம்மா சொல்லும்."

ஹேஸல்டீன்.

ஊமைப் பெட்டியின் அடியில் ஒரு இழுப்பறை உண்டு. பச்சை வெல்வெட், அதில் நீளவாட்டில் மூன்று பள்ளம். ஒயின் பாட்டில் படுக்க வைப்பதற்கு என்று நானும் சிக்கந்தரும் முடிவு கட்டியிருந்தோம். மூன்று உருளைக்கு மூன்று பள்ளம். நாலாவது உருளைக்கு இடம் பெட்டியின் வயிற்றில்.

தாயையும் பிள்ளையையும் இரண்டு கூறில் வைத்துப் பிரித்தவன் நான்தான். எடைபோட்டுப் பிரித்தேன்.

டிசம்பர் 9

பெங்களூர் ருஸ்தம் சாருக்கு ஃபோன் செய்தேன். பார்சிக்காரர். பாட்டுப்பெட்டி சேர்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவர். கண்டோன்மென்ட் தமிழ் பேசுவார். உருளையை ஃபோட்டோ எடுத்து அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"மாசிலாமணி, இதை எங்கே புடிச்சே மேன்?"

"பேக்கரியில."

"ஜோக் பண்ணாதே. கேளு. ரோலர் முனையில ஒரு நம்பர் கீறியிருக்கும். இருக்கா?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இருந்தது. 4217. நாலு உருளையிலும் அதே எண், பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசை.

"அதே நம்பர் பெட்டிக்குள்ளே பித்தளைத் தட்டுல அடிச்சிருக்கும். இருந்தா ரெண்டும் ஒரே வயித்துல பொறந்தது. ஒவ்வொரு ரோலரும் அதோட சீப்புக்குன்னே ஊசி வெச்சது. வேற பெட்டியில போட்டா பாடாது, பல்லை ஒடைச்சிடும். அப்புறம் சீப்போட இடது ஓரத்தைப் பாரு. பேர் போடற ஃபேக்டரி அங்கேதான் போடும். பேர் கெடச்சா, இது நான் வாழ்க்கையிலே பாத்த பெரிய செட். பெட்டி எங்கே?"

"வருது சார்" என்றேன்.

வியாபாரத்தில் அப்படித்தான் சொல்வது. பெட்டி எங்கேயும் வரவில்லை.

டிசம்பர் 10

ஃபோனை எடுத்தேன். சார்ஜ் குறைவாக இருந்தது. வைத்துவிட்டேன்.

டிசம்பர் 11

சார்ஜ் முழுதாக இருக்கிறது. ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்குப் போயிருப்பான்.

டிசம்பர் 13

உறைபனி. ரேஸ்கோர்ஸ் புல்லெல்லாம் உப்பு தூவின மாதிரி இருந்தது. கடைப் பூட்டு திறக்கவில்லை. ஒரு வாரமாகவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இன்று சாவி திரும்பவே மறுத்துவிட்டது. சுத்தியலை எடுக்கலாமா என்று நிற்கும்போது ரெஜினா எதிர்ப்பக்கமிருந்து கத்தினாள்.

"அடிக்காதீங்கண்ணா! பொத்திப் புடிங்க!"

"என்னது?"

"பூட்டை ரெண்டு கையிலயும் பொத்திப் புடிச்சு ஊதணும். பாய் தெனமும் அப்படித்தான் நிப்பாரு. என்ன பாய், பூட்டுக்கு ஜுரமான்னுகூட கேப்பேன். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் வருவது பத்து மணிக்கு. நான் வரும்போது கடை திறந்திருக்கும், சாம்பிராணி போட்டிருக்கும். பூட்டுக்கு ஜுரம் வருவதை நான் பார்த்ததில்லை.

பொத்திப் பிடித்தேன். ஊதினேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் விரல் இடுக்கில் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. அவன் வேலைதான். பூட்டு, கீல், தையல் மிஷின், கடிகாரம், எதுவானாலும் வாங்கின அன்றைக்கே தேங்காய் எண்ணெய் விட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். இந்தக் குளிரில் உறைந்துபோகும்டா, மிஷின் ஆயில் போடு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "மண்டைக்கு நல்லதுன்னா மிஷினுக்கும் நல்லதுதாண்ணே" என்பான்.

சாவி திரும்பியது. ஷட்டரைத் தூக்கினேன். கடை முழுக்க அதே வாசம். இத்தனை வருடம் இது பழைய சாமான் வாசம் என்று நினைத்திருந்தேன்.

ரெஜினா டீயோடு வந்தாள். "பாய் இல்லாம கடை சர்ச்சு மாதிரி இருக்குண்ணா. பேசவே பயமா இருக்கு."

"அவன் இருந்தா மட்டும் என்ன? பஸ் ஸ்டாண்டுல எறங்கி இங்க வர்றதுக்குள்ள கடைக்குக் கடை நின்னு அரட்டை."

"அரட்டையா? மூச்சு வாங்க நிப்பாருண்ணா."

மேட்டில் ஏறினால் யாருக்கும்தான் மூச்சு வாங்கும்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோன்றியது. சீப்பு ஓரத்து வெள்ளை அழுக்கு. மெழுகு மாதிரி. அது அழுக்கு இல்லை. அதே எண்ணெய், உறைந்து கிடக்கிறது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்காமலே இல்லை என்று சீட்டைக் கிழித்தேன்.

இருந்தாலும், எண்ணெய் விட்டது அவன்.

டிசம்பர் 16

ஃபோன் செய்தேன். அவன் மகள் ஷமீம் எடுத்தாள்.

"பெரியத்தா! என்னையெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. அந்த ரோஸ்வுட் பெட்டி இருக்கில்ல, சிப்பி வெச்சது..."

"நல்லா இருக்கியா ஷமீமுன்னு கேட்டுட்டு அப்புறமா பெட்டியைக் கேக்கலாம்."

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன். பெட்டி இன்னும் இருக்கு, ஞாயித்துக்கிழமை வரைக்கும். அத்தா எல்லாத்தையும் வித்துட்டிருக்காரு. காரமடைக்காரரு ஒருத்தரு பொண்ணுக்குச் சீர் வெக்கறதுக்குக் கேட்டிருக்காரு. வெறும் பெட்டியா வேணுமாம். உள்ள இருக்கற இரும்பு, பித்தளையெல்லாம் கழட்டி எடைக்குப் போட்டுரச் சொன்னாரு."

எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. நின்றேன்.

"கழட்ட வேண்டாம்னு சொல்லும்மா."

"நீங்களே சொல்லுங்க. இருங்க, குடுக்கறேன். அத்தா..."

லைன் கட்டாகிவிட்டது என்று எழுதலாம். நான்தான் கட் செய்தேன். அவன் பெட்டி, அவன் பங்கு. கழட்டாதே என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை? இதை ஃபோனில் பேச முடியாது. சாமானைக் கண்ணில் காட்டித்தான் பேச முடியும்.

டிசம்பர் 19

முதல் உருளையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் இறங்கினேன். பர்லியாறில் மஃப்ளரைக் கழற்றினேன். கல்லாறில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். மேட்டுப்பாளையத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது.

ஷமீம் வீடு உருளைக்கிழங்கு மண்டிக்குப் பின்னால். தெருவெல்லாம் சாக்கு வாசம். சிக்கந்தர் முற்றத்தில் பாய் விரித்து, பனியனோடு உட்கார்ந்திருந்தான். முன்னால் பெட்டி. கையில் ஸ்க்ரூ டிரைவர். சீப்பின் முதல் திருகாணி ஏற்கெனவே தரையில் கிடந்தது. இளைத்திருந்தான்.

"வாங்கண்ணே" என்றான், எழாமல். "என்ன, பங்கு கொறஞ்சுபோச்சா?"

"கூடிப்போச்சு. உன் சாமான் ஒண்ணு என் கூறுல வந்துருச்சு. அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வை."

துண்டைப் பிரித்தேன்.

"பிஸ்கட் கட்டை" என்றான். அப்புறம் குனிந்து பார்த்தான். ஊசிகளைப் பார்த்தான். சீப்பைப் பார்த்தான். காலி வயிற்றைப் பார்த்தான். "யா அல்லா. ஒயின் பாட்டிலு!"

"ஆமாண்டா. ஒயின் பாட்டிலு."

"நாலையும் கொண்டாந்து கூறுல வெச்சது நீங்கதானேண்ணே?"

"நான்தான். அதைச் சொல்லிக் காட்டத்தான் இருக்கியா? திருகாணியைப் போடு."

போட்டான். உருளையை இறக்கப் போனவன் கையைப் பிடித்தேன். ஸ்பிரிங் முறுக்கியிருந்தால் தொடக்கூடாது என்று ருஸ்தம் சார் சொல்லியிருந்தார்.

"முறுக்கியிருக்கா?"

"இருக்கு."

"உருளையே இல்லாத பெட்டியை எதுக்குடா முறுக்குன?"

"சும்மாதான்." பெட்டி ஓரத்தில் இருக்கும் சின்ன விசிறியைக் காட்டினான். "இது சுத்தும்ல. பாத்துக்கிட்டு இருப்பேன். பகல்ல இங்க வேற என்ன வேலை?"

விசிறி சுற்றி ஓயும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு உருளையை இறக்கினோம். இரண்டு பக்கத்துக் கொக்கியும் தானாகப் போய் உட்கார்ந்தது, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. நாலு முறுக்கு கொடுத்தான். விசையைத் தட்டினான்.

பாடியது.

என்ன பாட்டு என்று தெரியவில்லை. ஏதோ சீமை நடனப் பாட்டு. சத்தம் வெயிலில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஆனால் நடுநடுவே பாட்டு நின்று நின்று வந்தது. பேக்கரியில் ஊசி போன இடத்திலெல்லாம் சத்தம் இல்லை.

"ஊசி போயிருக்கு" என்றேன்.

"இல்லண்ணே" என்றான். "அதுக்கும் மூச்சு வாங்குது."

பாட்டு முடிந்தபோது உச்சி வெயில் பெட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளை அழுக்கு எதுவும் இல்லை. உருகி, பித்தளைத் தட்டில் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. என் துண்டு நுனியால் தட்டைத் துடைத்தேன். 4217. சீப்பின் இடது ஓரத்தைத் துடைத்தேன். பூதக்கண்ணாடியை வைத்தேன். இரண்டு வரி. மேல்வரியில் பேர், தேய்ந்து பாதிதான் மிச்சம். கீழ்வரி முழுதாக இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாட்டில் லேபிள் படித்த பழக்கம்.

ஜெனீவா.

கண்ணாடியை அவனிடம் கொடுத்தேன். அவனும் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"எப்படிடா தெரிஞ்சுது உனக்கு?" என்றேன்.

"தெரியாதுண்ணே."

"தெரியாம எப்படி எழுதுன?"

"அந்தப் பேரு நல்லா இருந்துச்சு. எழுதுனேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடம் எங்கே செய்தது, எவன் செய்தது என்று தலையை உடைத்துக்கொண்டவன் நான். அவனும் சிரித்தான். அவன் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. ஷமீம் ஓடிவந்து வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தைக் கொடுத்தாள். அதை எடுத்து அடிப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது. புதுப் பழக்கம் இல்லை.

காரமடைக்காரரிடம் பெட்டி இல்லை என்று சொல்லிவிடச் சொன்னேன். சாப்பிட்டேன். ஷமீம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள்.

"ஜூலைலயே டாக்டர் சொல்லிட்டாரு பெரியத்தா. அந்தக் குளிரும் மேடும் இனிமே ஆகாது, எறங்கிடணும்னு. உங்ககிட்ட சொல்லலாம்னா விடமாட்டேன்னுட்டாரு. 'சொன்னா அண்ணன் கடையை மூடிட்டு என் பின்னாடியே வந்துருவாரு. இங்க வந்து உருளைக்கெழங்கா விப்பாரு? சண்டை போட்டுட்டு வந்தா கோவத்துலயாவது கடையைத் தொறப்பாரு'ன்னாரு."

"சண்டை போட்டது நானு" என்றேன்.

"அவரு காத்துக்கிட்டிருந்தாரு. நீங்க சீட்டைக் கிழிச்சீங்க."

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். கல்லாறில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 20

பூட்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெஜினா ஒரு டீதான் கொண்டுவந்தாள். இரண்டு கொண்டுவரச் சொன்னேன்.

டிசம்பர் 27

ஞாயிறு. ஒரு ஸ்பூன் செட்டும் ஒரு ராணுவப் பெட்டியும் போயின. மிஷின் ஆயில் ஒரு டப்பா வாங்கினேன். பூட்டுக்கு விடலாம் என்றுதான் வாங்கினேன். விடவில்லை.

ஜனவரி 4

ருஸ்தம் சார் காரில் வந்தார். வருகிற வழியிலேயே மேட்டுப்பாளையத்தில் பெட்டியைப் பார்த்துவிட்டார். என் கடையில் மிச்ச மூன்று உருளையையும் மடியில் வைத்துப் பார்த்தார். பேர் பாதி போதும், மீதியை எழுத்தின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், ஊர் உறுதியாகத் தெரிந்ததே பெரிது என்றார். பிறகு ஒரு விலை சொன்னார்.

நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்ததைவிட அதிகம். முகத்தில் காட்டவில்லை. உடனே சிக்கந்தருக்கு ஃபோன் போட்டேன்.

"சார் வெலை சொல்லியிருக்காருடா."

"என்கிட்டயும் சொன்னாரு. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதாண்ணே."

"உன் பெட்டிக்கு நீ சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்ல? நீங்க வெச்சதுதானே."

அதே வார்த்தை. பங்கு பிரித்த அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். இதில் குத்தல் எங்கே இருந்தது என்று தேடிப்பார்த்தேன்.

ருஸ்தம் சாரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நல்ல விலைக்கு நான் யோசிக்க நேரம் கேட்டது இதுவே முதல் தடவை.

"யோசிக்க என்ன இருக்கு மேன்? பெட்டி அங்கே, ரோலர் இங்கே. தனித்தனியா வெச்சா ரெண்டும் வெறும் பித்தளை."

"ஆமா சார்" என்றேன். "அதைத்தான் யோசிக்கணும்."

ஜனவரி 9

இரண்டாம் உருளையோடு இறங்கினேன். வழியெல்லாம் கணக்குப் போட்டேன். விற்றால் கையில் நல்ல தொகை வரும். பெட்டி பெங்களூர் போகும். அதற்குப் பிறகு நான் மேட்டுப்பாளையம் போக ஒரு காரணம் வேண்டும். சும்மா வந்தேன் என்று சொல்லி ஒரு வீட்டுக்குள் நுழைகிற பழக்கம் எனக்கு இல்லை. வியாபாரம் இல்லாமல் நான் யார் வீட்டுக்கும் போனதில்லை.

சிக்கந்தர் முகம் மழித்து, சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். பஸ் எப்போது வரும் என்று மூன்று தரம் கேட்டானாம், ஷமீம் போட்டுக்கொடுத்தாள். இரண்டாம் உருளையில் ஊசி அதிகம் போகவில்லை. அதில் இருந்த ஆறு பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நான் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிழித்த சீட்டின் இரண்டு துண்டும் என் மேஜை டிராயரில் இருந்தன. எப்படி அங்கே வந்தன என்று தெரியவில்லை. கொண்டுபோயிருந்தேன். சோற்றுப் பருக்கை வைத்து மூடியின் உள்பக்கம் ஒட்டினேன்.

"புதுசா ஒண்ணு எழுதலாமேண்ணே" என்றான்.

"எதுக்கு? அதுல எழுதியிருக்கறது சரிதான்."

"கிழிசல் தெரியுது."

"தெரியட்டும்."

ருஸ்தம் சாருக்கு ஷமீம் வீட்டிலிருந்தே ஃபோன் செய்து இப்போதைக்கு இல்லை என்றேன். இங்கிலீஷில் ஏதோ திட்டினார். பிறகு, யாருக்கும் கொடுத்துவிடாதே என்றார்.

இனி, இருவரும் பேசி முடித்தது. ஷமீம் சாட்சி.

பெட்டி அவனிடம் இருக்கும், உருளைகள் என்னிடம் இருக்கும். மாதம் ஒரு உருளை நான் கீழே கொண்டுபோவேன், முந்தின மாதத்து உருளையை எடுத்துக்கொண்டு ஏறுவேன். உருளையைப் பார்சலிலோ வேறு ஆளிடமோ அனுப்பக்கூடாது, என் கையில்தான் வரவேண்டும். இது அவன் போட்டது. பெட்டிக்குத் தேங்காய் எண்ணெய் விடக்கூடாது. இது நான் போட்டது. கடைப் பூட்டுக்கு விடலாம். எங்களில் ஒருவர் மட்டும் மிச்சமாகிற அன்றைக்கு எல்லாம் ருஸ்தம் சாருக்குப் போகும், அவர் அன்றைக்குச் சொல்லும் விலைக்கு, மொத்தமாக, கூறு போடாமல். பஸ் சார்ஜில் இறங்குகிறது என் செலவு. ஏறுகிறது அவன் செலவு, நேரமாச்சு கெளம்புங்கண்ணே என்று ஒவ்வொரு தடவையும் சொல்லப்போவது அவன்தான் என்பதால்.